போர் தண்ணியும் மே மாச வெயிலும்: வீட்லயே கார் டீட்டெய்லிங் பண்றது எப்படி

ராத்திரி நேரம் பெட்ரோல் பங்க்ல காரை நிறுத்துனா இறங்கி பானெட்டை ஒரு தடவை குனிஞ்சு பாருங்க. மேல எரியுற எல்இடி லைட்டை சுத்தி சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமா கோடு தெரியுதா, அதுக்கு பேர்தான் ஸ்விர்ல் மார்க். பகல்ல நிழல்ல நிக்குறப்ப இது கண்ணுக்கே தெரியாது, அதனால நிறைய பேரு பெயின்ட் நல்லாத்தான் இருக்குன்னு நெனச்சுட்டு இருப்பாங்க. என்கிட்ட இருக்கறது 2014 ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, டார்க் கிரே, 1.2 லிட்டர் டர்போ, 105 பிஎஸ், ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். செகண்ட் ஹேண்ட்ல வாங்கினப்ப இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் மெக்கானிக்கை கூட்டிட்டு போய் செக் பண்ணேன், பெயின்ட்டை மட்டும் சரியா பாக்கல, முதல் நாள் ராத்திரி பங்க்ல பாத்ததும்தான் வயித்தெரிச்சலா போச்சு. 2022ல போலோ நம்ம நாட்டுல நின்னே போச்சு, இனி ஷோரூம்ல போய் புதுசு எடுக்க முடியாது, இருக்கற வண்டியை நாமதான் காப்பாத்தணும். அதனால இந்த டீட்டெய்லிங் வேலையை, அதாவது பெயின்ட்டை ஒழுங்கா கழுவி பாலிஷ் போட்டு காப்பாத்தறதை, உக்காந்து கத்துக்கிட்டேன், கத்துக்கிட்டதை அப்படியே எழுதுறேன்.

முதல்ல ஒரு விஷயம் மனசுல ஏத்திக்கங்க. கார் தகரத்து மேல ப்ரைமர், அதுக்கு மேல கலர், அதுக்கு மேல க்ளியர் கோட்னு மூணு லேயர் இருக்கும், எல்லாம் சேந்தே கம்பெனி பெயின்ட்ல பொதுவா 100ல இருந்து 150 மைக்ரான் வரைக்கும்தான் இருக்கும், அதாவது ஜெராக்ஸ் பேப்பர் ஒண்ணோட தடிமனை விட கொஞ்சம் கூட. அதுல க்ளியர் கோட் மட்டும் 40 மைக்ரான் பக்கம். பளபளப்பும் அதுலதான், வெயிலை தாங்குறதும் அதுதான். பாலிஷ் போடறதுன்னா அந்த 40ல கொஞ்சத்தை சுரண்டி எடுக்கறதுதான், வேற மேஜிக் எதுவும் கிடையாது. அதனால வருஷா வருஷம் பாலிஷ் போட்டுக்கலாம்னு நெனைக்காதீங்க, ஒரு தடவை ஒழுங்கா போட்டுட்டு அதுக்கப்புறம் கழுவறதை சரியா பண்ணுங்க. நம்ம ஊர்ல காசு பூரா பாலிஷுக்கும் கோட்டிங்குக்கும் போகுது, கழுவற முறையை யாருமே மாத்தறதில்ல, அங்கதான் பெயின்ட் சாகுது.

கோடு எப்படி விழுதுன்னா, காலைல ஆபீஸ் கிளம்பறப்ப தூசி இருக்கேன்னு காஞ்ச துணியில ஒரு தட்டு தட்டி துடைக்கறோம் பாருங்க, அங்க ஆரம்பிக்குது. அந்த தூசி வெறும் தூசி இல்ல, நுணுக்கு மணல், அதை துணியால அழுத்தி தேய்ச்சா உப்புத்தாள் போட்ட மாதிரிதான். அபார்ட்மென்ட்ல மாசக் காசுக்கு கழுவ வர்றவங்க ஒரே பக்கெட் தண்ணியில பத்து வண்டியை துடைப்பாங்க, அவங்க மேல தப்பு சொல்ல முடியாது, அந்த காசுக்கு அவ்ளோதான் பண்ண முடியும், நான் தண்ணி மட்டும் அடிச்சு விடுங்கண்ணே துடைக்க வேணாம்னு சொல்லிட்டேன். ஒரு வாட்டர் வாஷ் கடையில தரையில விழுந்த துணியை எடுத்து உதறிட்டு என் கண்ணு முன்னாடியே டோர்ல தேய்ச்சாங்க, அதோட வெளில விடறதை நிறுத்திட்டேன். பனியன் வேஸ்ட், பழைய வேட்டி, மஞ்சத்துணி எதுவுமே வேண்டாம், பெயின்ட் மேல மைக்ரோஃபைபர் மட்டும்தான் படணும்.

அடுத்தது தண்ணி. வெளிநாட்டு வீடியோ பாத்து எல்லாத்தையும் அப்படியே பண்ணுவோம், ஆனா நம்ம போர் தண்ணியைப் பத்தி அதுல ஒரு வார்த்தை இருக்காது. குடிக்கற தண்ணிக்கே டிடிஎஸ், அதாவது கரைஞ்சிருக்கற உப்போட அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும்னு அரசாங்க அளவு இருக்கு, நம்ம ஏரியா போர்ல பல இடத்துல அது ஆயிரத்தை தாண்டிரும். பானெட்டுல தண்ணி காயும்போது தண்ணி மட்டும்தான் ஆவியா போகும், அதுல கரைஞ்சிருந்த கால்சியம் மெக்னீசியம் உப்பெல்லாம் வெள்ளை வட்டமா அங்கயே உக்காந்துக்கும், வெயில்ல இன்னும் இறுகிடும், அப்புறம் ஷாம்பூவுக்கு அசையாது. மேகமூட்டமா இருக்கற நாளா பாருங்க, இல்லன்னா காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னாடி நிழல்ல ஆரம்பிங்க, கையை வெச்சா பானெட் சில்லுன்னு இருக்கணும். கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணி வெச்சுக்கங்க. நான் பண்றது ஸ்ப்ளிட் ஏசியோட ட்ரெய்ன் பைப்புக்கு கீழ ஒரு பக்கெட், சென்னை ஈரக்காத்துக்கு ராத்திரி முழுக்க ஏசி ஓடினா நல்லாவே ரொம்பும், அது காத்துல இருந்து குளிர்ந்து வர்ற தண்ணிங்கறதால உப்பு கிட்டத்தட்ட இருக்காது, மெல்லிசு துணியில வடிகட்டி ஸ்ப்ரே கேன்ல ஊத்தி கடைசியா அடிச்சா போதும். ஆர்ஓ மெஷின்ல இருந்து வெளிய போற வேஸ்ட் தண்ணியை மட்டும் யூஸ் பண்ணாதீங்க, அதுலதான் உப்பு அதிகம். ஏற்கெனவே வட்டம் விழுந்திருந்தா வெள்ளை வினிகரும் தண்ணியும் சரிபாதி கலந்து துணியில நனைச்சு அந்த இடத்துல ரெண்டு நிமிஷம் ஒட்ட வெச்சு எடுத்து நல்லா கழுவிடுங்க, புதுசா விழுந்த வட்டம் பாதிக்கு மேல போயிடும், அங்க இருந்த வேக்ஸும் சேந்து போயிருக்கும் அதனால திரும்ப போடணும். அதுக்கும் போகலன்னா க்ளியர் கோட்டையே அரிச்சிருச்சுன்னு அர்த்தம், பாலிஷ்தான் வழி.

கழுவறதை வீல்ல ஆரம்பிங்க, ஏன்னா வண்டியிலேயே அழுக்கு அதிகமான இடம் அதுதான். வீலுக்கு தனி பக்கெட், தனி ப்ரஷ், தனி துணி, அது எக்காரணத்துக்கும் பாடி பக்கம் வரக்கூடாது. அப்புறம் ப்ரெஷர் வாஷர்ல மேல இருந்து கீழ தண்ணி அடிச்சு மணலை இறக்கணும், ப்ரெஷர் வாஷர் இல்லன்னா ஹோஸ் பைப் நுனியில விரலை வெச்சு அடிச்சாலும் ஓரளவு வேலை ஆகும். நுரை அடிக்கற ஃபோம் கேனன் இருந்தா ஃபோம் அடிச்சு ஒரு நாலு நிமிஷம் விடுங்க, காய விட்றாதீங்க, அது அழுக்கை ஊற வெச்சு தானா இறக்கும், கை படாம எவ்வளவு அழுக்கு போகுதோ அவ்வளவு நல்லது. அதுக்கப்புறம்தான் ரெண்டு பக்கெட். ஒண்ணுல ஷாம்பூ, இன்னொண்ணுல வெறும் தண்ணி, ரெண்டுக்கும் அடியில க்ரிட் கார்டு, அதாவது ஜல்லடை மாதிரி ஒரு தட்டு, மணல் அதுக்கு கீழ போய் தங்கிடும். கையுறை மாதிரி இருக்கற மைக்ரோஃபைபர் மிட்டை ஷாம்பூல முக்கி ஒரு பேனல் துடைச்சுட்டு வெறும் தண்ணி பக்கெட்ல நல்லா அலசிட்டு மறுபடி ஷாம்பூ, இதேதான் திரும்ப திரும்ப. ரூஃப், கண்ணாடி, பானெட், டோர் மேல்பாதின்னு வந்து கீழ்ப்பாதியும் பின்பக்க பம்பரும் கடைசியா. வட்டமா தேய்க்காம நேர்கோட்ல போங்க, அழுத்தம் வேண்டவே வேண்டாம், மிட்டோட எடையே போதும். பாத்திரம் கழுவற லிக்விட் ஊத்தாதீங்க, அது எண்ணெய் பிசுக்கை எடுக்கற மாதிரியே மேல போட்ட வேக்ஸையும் எடுத்துரும், கார் ஷாம்பூ ஒரு பாட்டில் மாசக்கணக்குல வருது. துடைக்கறதுக்கு நல்ல கனமான ட்விஸ்டட் லூப் டவல் ஒண்ணு வாங்கிருங்க, விரிச்சு போட்டு மெதுவா இழுத்தா மொத்த பானெட் தண்ணியையும் குடிச்சிரும். மைக்ரோஃபைபரை துவைக்கறப்ப வீட்டு காட்டன் துணியோட சேக்காதீங்க, பஞ்சு பூரா அதுல ஒட்டிக்கும், ஃபேப்ரிக் கண்டிஷனரும் ஊத்தக்கூடாது, உறிஞ்சற தன்மை போயிடும்.

இவ்வளவு கழுவுனதுக்கப்புறம் ஒரு பாலிதீன் கவருக்குள்ள கையை விட்டு பானெட் மேல லேசா தடவிப் பாருங்க, வெறும் கைக்கு வழவழன்னு இருந்த இடம் கவர் வழியா ரவை கொட்டுன மாதிரி சொரசொரன்னு இருக்கும். அதுல நிறைய இரும்புத்தூள், ப்ரேக் பேட்ல இருந்தும் ரயில் தண்டவாளத்துல இருந்தும் பறந்து வந்து பெயின்ட்ல குத்திக்கிட்டு உக்காந்திருக்கறது, தாம்பரம் பக்கம் ரயில் லைனை ஒட்டி வண்டி நிறுத்தறவங்க கார்ல ரொம்பவே இருக்கும், வெள்ளை வண்டின்னா சின்னச் சின்ன ஆரஞ்சு புள்ளியா தெரியும். இதுக்கு அயர்ன் ரிமூவர்னு ஒரு ஸ்ப்ரே, கார்ப்ரோ அயர்ன் எக்ஸ் மாதிரி, இப்ப நம்ம ஊரு பிராண்டுகளும் கம்மி விலையில போடறாங்க. அடிச்ச ரெண்டு மூணு நிமிஷத்துல இரும்பு இருக்கற இடமெல்லாம் ஊதா கலர்ல ஒழுகும். நாத்தம் தாங்காது, பார்லர்ல முடியை சுருட்ட போடற லோஷன்ல இருக்கற கெமிக்கலோட சொந்தக்கார கெமிக்கல்தான் இதுலயும், அதனால கிளவுஸ் போட்டுக்கிட்டு காத்தோட்டமா பண்ணுங்க, காய விடாம கழுவிடுங்க. கீழ ஒட்டியிருக்கற தார் புள்ளிக்கு தார் ரிமூவர் தனியா இருக்கு. மீதி இருக்கறதுக்கு கிளே பார், களிமண் மாதிரி பிசைஞ்சு தட்டையாக்கி, லூப்ரிகன்ட்டோ ஷாம்பூ தண்ணியோ நிறைய அடிச்சுட்டு ரெண்டு விரல்ல மெதுவா நழுவ விடணும், முதல்ல கரகரன்னு பிடிக்கும் அப்புறம் சத்தமே இல்லாம வழுக்கும், அப்ப அந்த இடம் முடிஞ்சிருச்சு. அடிக்கடி மடிச்சு புதுப்பக்கத்தை எடுங்க. கீழ தரையில விழுந்துட்டா யோசிக்காம தூக்கி போட்டுடுங்க, விலையைப் பாத்து கழுவி யூஸ் பண்ணீங்கன்னா அதுல ஏறுன ஒரு மணலே போதும் டோர் முழுக்க கீறிடும்.

இப்ப பாலிஷ். எல்லாரும் இங்கதான் முதல்ல வந்து நிப்பாங்க, ஆனா மேல சொன்னது முடியாம மெஷினைத் தொட்டா இருக்கற மணலையும் சேத்து சுத்தி தேய்ச்ச மாதிரிதான் ஆகும். புதுசா ஆரம்பிக்கறவங்க ரோட்டரி பாலிஷர் பக்கம் போகாதீங்க, அது ஒரே அச்சுல சுத்தும், ஒரே இடத்துல சூடேறி பெயின்ட்டை எரிச்சிரும். டிஏ பாலிஷர் வாங்குங்க, அது சுத்திக்கிட்டே ஆடவும் செய்யும், சூடு கம்மி, தப்பு பண்ணாலும் பெருசா அடி வாங்காது. சுத்தமா துடைச்ச பானெட்ல கரெக்டா ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி மாஸ்கிங் டேப்பால கட்டம் கட்டி டெஸ்ட் பண்ணிப் பாருங்க. மென்மையான பாலிஷும் மென்மையான பேடும் (மெஷின்ல மாட்டற ஸ்பாஞ்ச்) முதல்ல, அதுல கோடு போகலன்னா அதே பாலிஷ் கொஞ்சம் கட்டியான பேட், அப்பவும் போகலன்னாதான் காம்பவுண்ட், அதாவது இன்னும் அதிகமா சுரண்டற பாலிஷ். நேரா காம்பவுண்ட்ல குதிச்சா தேவையில்லாம க்ளியர் கோட் போகுது. மெகுவயர்ஸ் அல்டிமேட் காம்பவுண்ட் கத்துக்கறவங்களுக்கு ரொம்ப பொறுமையான ஐட்டம், ஃபினிஷிங்குக்கு அவங்களோட எம்205. மென்செர்னா 400ம் 3800ம் சேத்து வாங்கினா பழைய வண்டிக்கு அருமையா இருக்கு. என் போலோ பெயின்ட் கெட்டி, ஒரு டோருக்கே அரை மணி நேரம் ஆச்சு, கூட்டாளியோட கறுப்பு ஹோண்டா சிட்டிக்கு மென்மையான பேட்லயே கோடு போயிருச்சு, ஆனா அதுல மைக்ரோஃபைபர் அழுத்தி துடைச்சாலே புதுக்கோடு விழுது, அதனால ஒரு வண்டிக்கு செட்டான காம்பினேஷன் இன்னொண்ணுக்கு அப்படியே ஆகாது.

பேட்ல பட்டாணி சைஸ்ல நாலு சொட்டு, மெஷினை ஆன் பண்றதுக்கு முன்னாடி பெயின்ட் மேல ஒத்தி ஒத்தி பரப்பிடுங்க, இல்லன்னா சுவரு பூரா தெறிக்கும். குறைஞ்ச ஸ்பீடுல ஒரு தடவை பரப்பிட்டு அப்புறம் ஸ்பீடை நாலு இல்லன்னா அஞ்சுல வெச்சு, ஒரு செகண்டுக்கு ரெண்டு மூணு சென்டிமீட்டர் அளவுக்கு மெதுவா நகத்துங்க. முதல்ல இடம் வலமா, அப்புறம் மேல கீழ, ஒவ்வொரு வரியும் முந்தின வரியை பாதி மூடணும், இப்படி நாலுல இருந்து ஆறு தடவை. பேடை ஒட்டற பேக்கிங் ப்ளேட் ஓரத்துல மார்க்கர்ல ஒரு கோடு போட்டு வெச்சா பேட் சுத்துதா வெறுமனே ஆடுதான்னு தெரியும், சுத்தலன்னா அழுத்தம் அதிகம். ஒவ்வொரு கட்டம் முடிஞ்சதும் ப்ரஷ்ஷால பேடை சுத்தம் பண்ணுங்க, ரெண்டு டோருக்கு ஒரு பேடாவது மாத்துங்க, சூடான பேட் சீக்கிரம் கிழியும். பாடி லைன், டோர் ஓரம், பானெட் விளிம்பு இங்கெல்லாம் பெயின்ட் மெல்லிசு, டேப் ஒட்டி மூடிருங்க. கறுப்பு ப்ளாஸ்டிக் ட்ரிம் மேலயும் டேப், காம்பவுண்ட் அதுல காஞ்சு வெள்ளையா படிஞ்சா எடுக்கறது பெரும்பாடு.

செகண்ட் ஹேண்ட் வண்டின்னா மெஷின் வைக்கறதுக்கு முன்னாடி பெயின்ட் தடிமன் பாக்கற மீட்டரை எங்கயாவது கடன் வாங்கியாவது சுத்தி அளந்துருங்க. எல்லா பேனலும் 120 பக்கம் காட்டி ஒரு ஃபென்டர் மட்டும் 250 காட்டுச்சுன்னா அது ரீபெயின்ட், 500க்கு மேல போச்சுன்னா உள்ள பட்டி இருக்கு. 80க்கு கீழ காட்டற இடத்துல காம்பவுண்ட் வெக்கவே வெக்காதீங்க, ஏற்கெனவே யாரோ நிறைய சுரண்டிட்டாங்க.

முடிஞ்ச உடனே கண்ணாடி மாதிரி தெரியும், சந்தோஷப்படறதுக்கு முன்னாடி மெடிக்கல் ஷாப்ல கிடைக்கற ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஒரு பங்குக்கு மூணு பங்கு தண்ணி கலந்து ஸ்ப்ரே பண்ணி துடைச்சிட்டு டார்ச் அடிச்சு பாருங்க. பாலிஷ்ல இருக்கற எண்ணெய் கோட்டை ரொப்பி மறைச்சிருக்கும், அதை எடுத்தாதான் உண்மை தெரியும். கடையில குடுத்து பண்றவங்களும் டெலிவரி எடுக்கறப்ப இதை கேளுங்க, துடைச்சு காட்டுங்கன்னு சொல்லுங்க, நல்லா வேலை செஞ்சவங்க தயங்காம காட்டுவாங்க.

மேல என்ன போடறது? கார்னாபா வேக்ஸ், பிரேசில்ல ஒரு பனை மரத்து இலையில இருந்து எடுக்கறது, டார்க் கலருக்கு அது குடுக்கற ஆழம் எனக்கு ரொம்ப பிடிக்கும், ஆனா நம்ம வெயிலுக்கு சில வாரம்தான். சீலன்ட், அதாவது செயற்கையா செஞ்ச வேக்ஸ் மாதிரி ஒண்ணு, சில மாசம் நிக்கும், போடறதும் சுலபம், வாரா வாரம் தானே கழுவறவங்களுக்கு இதுவே போதும்னுதான் நான் சொல்லுவேன். செராமிக் கோட்டிங் வருஷக்கணக்குல நிக்கும், ஆனா 9எச்ங்கறாங்க பாருங்க அது பென்சில் டெஸ்ட்ல வர்ற அளவு, அதாவது 9எச் பென்சிலால கீறுனா கோடு விழாதுங்கறது மட்டும்தான், கல்லு பட்டா சில்லு போகாதுன்னோ ஸ்விர்ல் வராதுன்னோ யாராவது சொன்னா நம்பி காசு குடுக்காதீங்க. கல்லுக்கு பிபிஎஃப், அதாவது பெயின்ட் மேல ஒட்டற கண்ணாடி மாதிரி ஃபிலிம், மட்டும்தான் வழி, முழு வண்டிக்கும் முடியலன்னா முன் பம்பர், பானெட் முன்பாதிக்கு மட்டும் போடலாம். இன்னொண்ணு, கோட்டிங் போட்டாலும் போர் தண்ணி வட்டம் விழும், தண்ணி முத்து முத்தா நிக்கறதால இன்னும் பளிச்சுன்னு தெரியும், துடைக்காம விட முடியாது.

நீங்களே கோட்டிங் போடறதா இருந்தா மழை வராத நாளா, மூடுன இடமா பாருங்க. பாட்டில்ல போட்டிருக்கற வெயிட்டிங் டைம் நம்ம சூட்டுக்கும் ஈரக்காத்துக்கும் செட் ஆகாது, சீக்கிரம் காஞ்சிரும், அதனால பாதி பேனல் போடறது, வானவில் கலர் தெரிஞ்ச உடனே துடைக்கறது, டார்ச் அடிச்சு விட்டுப்போன இடம் இருக்கான்னு பாக்கறது, அப்புறம்தான் அடுத்த பாதி. துடைக்காம விட்ட இடம் இறுகிருச்சுன்னா திட்டு திட்டா நின்னுடும், திரும்ப பாலிஷ் போட்டுத்தான் எடுக்கணும். ஒரு நாள் முழுக்க தண்ணி படக்கூடாது, ஒரு வாரத்துக்கு ஷாம்பூ போடாதீங்க.

அன்னாட பராமரிப்புல காக்கா எச்சம்தான் பெரிய வில்லன். அதுல இருக்கற யூரிக் ஆசிட் வெயில்ல சூடாகி சில மணி நேரத்துலயே க்ளியர் கோட்ல தடம் பதிச்சுரும். வண்டிக்குள்ள ஒரு ஸ்ப்ரே பாட்டில் க்விக் டீட்டெய்லரும் (கழுவாமலே அடிச்சு துடைக்கற திரவம்) ரெண்டு மைக்ரோஃபைபரும் எப்பவும் இருக்கணும், எச்சத்து மேல நல்லா அடிச்சு ரெண்டு நிமிஷம் ஊற விட்டு தூக்கி எடுங்க, தேய்க்காதீங்க, உள்ள விதையும் மண்ணும் இருக்கும். தூங்குமூஞ்சி மரத்தடியில நிழல் நல்லா இருக்கும், பிசினும் நல்லா சொட்டும், வெயில்லயே நிறுத்துங்க. ஈசிஆர்ல ராத்திரி ஓட்டிட்டு வந்தா பம்பர் பூரா பூச்சி, அதை நனைச்ச துணியை ஒட்டி வெச்சு ஊறவெச்சு எடுங்க, மறுநாளைக்கு தள்ளிப்போட்டா ஒட்டுன இடம் மங்கிடும்.

ரேஸ் ட்ராக்ல ஓட்டப் போறவங்களுக்கு தனியா சில விஷயம் இருக்கு. சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை ட்ராக் 1990ல இருந்து இருக்கு, 2010ல போலோ கப் ரேஸ் வந்ததுல இருந்து எனக்கு அந்த இடம் மேல ஒரு தனி பாசம். கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்துல ரேஸர் கரிவரதன் பேர்ல இருக்கற கரி மோட்டார் ஸ்பீட்வே 2003ல வந்தது. எங்க போனாலும் போறதுக்கு முந்தின நாள் டயர் பாலிஷ் போடாதீங்க, சைடுல போட்டது சிதறி ஓடற பாகத்துல பட்டா முதல் கார்னர்லயே வழுக்கும். முன் பம்பருக்கும் மிரருக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டிட்டு போங்க, முன்னாடி போற வண்டி தூக்கி அடிக்கற கல்லுக்கு அது ஓரளவு தாங்கும், சாயங்காலமே உரிச்சுருங்க, வெயில்ல விட்டா பசை ஒட்டிக்கும்.

செஷன் முடிஞ்சதும் ஒரு கூல் டவுன் லேப் மெதுவா ஓட்டுங்க, நின்னதுக்கப்புறம் ஹேண்ட் ப்ரேக் போடாதீங்க, டர்போ வண்டின்னா ரெண்டு நிமிஷம் ஐடில்ல விட்டு ஆஃப் பண்ணுங்க. ப்ரேக் டிஸ்க் கொதிச்சுட்டு இருக்கறப்ப வீல்ல தண்ணி அடிக்கவே கூடாது, திடீர்னு குளிர்ந்தா டிஸ்க் கோணிக்கும், அப்புறம் ப்ரேக் புடிக்கறப்பல்லாம் ஸ்டியரிங் ஆடும். ட்ராக்குக்கான ப்ரேக் பேட் போட்டவங்களுக்கு ப்ரேக் டஸ்ட் இன்னும் அதிகமா வரும், அது ஈரத்தோட ராத்திரி தங்குச்சுன்னா அலாய்ல துரு மாதிரி பிடிச்சுக்கும், அதனால சூடு ஆறுனதும் அன்னைக்கே அயர்ன் ரிமூவர் அடிச்சு வீலை மட்டுமாவது கழுவிடுங்க. ஆசிட் கலந்த வீல் க்ளீனர் வேண்டாம், அலாய் மேல இருக்கற லேக்கரை அரிக்கும். ஃபென்டருக்கு பின்னாடியும் டோருக்கு கீழயும் கறுப்பா ரப்பர் உருண்டை ஒட்டியிருக்கும், நகத்தால சுரண்டாதீங்க, தார் ரிமூவர் ஒரு நிமிஷம் ஊற வெச்சா தானா கழண்டு வரும்.

ட்ராக்ல ப்ரேக் ஃப்ளூயிட் மாத்தறீங்க, ப்ளீட் பண்றீங்கன்னா, அதாவது ப்ரேக் லைன்ல இருக்கற காத்தை வெளிய எடுக்கறீங்கன்னா, பக்கத்துல ஒரு கேன் தண்ணி வெச்சுக்கிட்டு உக்காருங்க. டாட் 4 ப்ரேக் ஃப்ளூயிட் ஒரு சொட்டு ஃபென்டர்ல பட்டாலும் பெயின்ட்டை மென்மையாக்கி உரிச்சிரும், துணியால துடைச்சா இன்னும் பரவும், உடனே தண்ணியை நல்லா ஊத்தி அலசணும், அது தண்ணியில கரையற ஐட்டம். வீலை கழட்டுனதும் பின்பக்கத்தையும் ஒரு தடவை கழுவிட்டு மாட்டுங்க, அந்த சான்ஸ் அடிக்கடி கிடைக்காது. போலோன்னா வீல் போல்ட்டை இறுக்கற டார்க் (முறுக்கு விசை) 120 என்எம், டார்க் ரெஞ்ச் வெச்சு டைட் பண்ணிட்டு கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து மறுபடி ஒரு தடவை செக் பண்ணிருங்க.